பின்சக்கரத்துக் கட்டை

காலை ஆறு மணி நாற்பதுக்கு நோர்வேயில், ஹவுகெட்டோ ரயில் நிலையத்தடியில் நான் முதலில் கண்டது லொறியின் பச்சை நிறத்தை. கதவில் மேற்பூச்சுக்கு அடியில் பழைய பிரெஞ்சு எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு ஜூன் ஞாயிறு. இரவு பெய்த மழையில் தார் வீதி இன்னும் ஈரமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் யுத்தத் தாங்கிகளை ஏற்றுவதற்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட லொறி அது. போர் முடிந்ததும் இராணுவம் பிரான்சில் கழித்துவிட்ட இத்தகைய லொறிகளை அங்குள்ள பாரவண்டிக்காரர்கள் வாங்கினார்கள். மலைகளில் அணை கட்டும் இடங்களுக்கு மின்மாற்றிகளையும் கொதிகலன்களையும் அவற்றில்தான் இழுத்துப் போனார்கள். என் தம்பி இரும்பு ஒட்டுவேலை செய்த கராஜின் முதலாளி, அவன் 'ஷெஃப்' என்று கூப்பிடும் ஒரு நோர்வேஜியக் கிழவர், அவற்றில் ஒன்றைத் தேடி வாங்கித் திருத்தியிருந்தார். அன்று அதன் பின்னால் பூட்டிய இழுவைவண்டியில் ஒரு பழைய கொதிகலன் இருந்தது. மேட்டின் உச்சியில் உள்ள சிறு காட்சியகத்துக்கு அதை ஏற்ற வேண்டும். நான் ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்பதால் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்.

எல்லாம் அந்தக் காலத்து முறைப்படி நடக்க வேண்டும் என்பது கிழவரின் ஆசை. மேட்டில் ஏறும்போது ஒருவன் பின்சக்கரத்தோடு நடந்து, கயிற்றில் கட்டிய ஆப்புக்கட்டை ஒன்றை ரயருக்குப் பின்னால் இழுத்து வருவான். வண்டி பின்வாங்கினால் சக்கரம் கட்டையில் ஏறி நிற்கும். அந்த வேலையைத் தம்பி கேட்டு வாங்கியிருந்தான்.

"ஏன் அண்ணை முகம் வெளிறிக் கிடக்கு? இது ஆமியாலை பென்ஷன் எடுத்த லொறி."

"பென்ஷன் எடுத்தாலும் ஆமி ஆமிதான். தள்ளி நட."

"தள்ளி நடந்தால் கட்டை எப்பிடி இழுக்கிறது? நீங்கள் கமெராவை ஆட்டாமல் பிடியுங்கோ. ஷெஃப் படம் கேப்பார்."

கிழவர் ஏறி முடுக்க, எஞ்சின் முழங்கியது. ஊரில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் வேலி பாய்ந்து ஓடியவர்கள் நாங்கள் இருவரும். இங்கே அவன் அதன் சக்கரத்தை ஒட்டி நடந்தான்.

பாதி மேட்டில் கமெரா லென்ஸால் கிட்ட இழுத்துப் பார்த்தபோதுதான் அவன் கையைக் கவனித்தேன். முரட்டு ஆட்டைக் கொண்டுபோகிறவன் போல, கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். கிழவர் முதல்நாள் காட்டிய பழைய பிரெஞ்சுப் புகைப்படம் நினைவுக்கு வந்தது. அதில் கயிறு இழுவைவண்டியின் கொக்கியில் மாட்டியிருந்தது. நடந்தவன் கையில் இருந்தது ஒரு தடி மட்டும்.

"கயிற்றை அவிழடா!"

அவன் காதைக் காட்டிச் சிரித்தான். கேட்கவில்லை.

நான் ஓடத் தொடங்கினேன். கிழவர் கியர் மாற்றினார். பற்கள் உராயும் சத்தம் கேட்டது, கியர் விழவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. வண்டி ஒரு கணம் நின்று, பிறகு பின்னால் வந்தது.

சக்கரம் கட்டையைத் தொட்டது. ஈரத் தாரில் கட்டை நிற்கவில்லை, சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. கயிறு விறைத்தது. தம்பி முழங்காலில் விழுந்து, பிறகு வயிற்றில் விழுந்து, கை முன்னே நீள இழுபட்டு வந்தான். வாய் திறந்திருந்தது. என்ன சொன்னான் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் அவன் காலைப் பிடித்து மேட்டுப் பக்கமாக இழுத்தேன். கயிறு இன்னும் இறுகியது. விட்டுவிட்டேன்.

வீதியின் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றில் கட்டை தடுக்கியது. ரயர் அதன்மேல் அரைவாசி ஏறி நின்றது. அவன் விரல்களுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்.

கிழவர் இறங்கி வந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

"அண்ணை, படம் எடுத்தனியளோ?" என்றான் தம்பி.

"வாயை மூடு."

மத்தியானம் என் வீட்டில் அவன் இடக்கையால் சோறு சாப்பிட்டான்.