தோளில் மாட்டிய கூடை

நேற்றுத் தபாலில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே பட அட்டைகள், புத்தம் புதிது. வயது ஏறினாலும், புத்தகமோ அட்டையோ எது கைக்கு வந்தாலும் முதலில் மோந்து பார்க்கிற பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. அச்சு மை வாசனைதான் வந்தது. என் மூக்கோ கோதுமை மாப் பசையின் புளிப்பு வாசனையைத் தேடியது. கூடவே பதிப்பகத்தாரின் கடிதம் ஒன்றும் இருந்தது. பதினான்காம் அட்டையில் இருக்கும் படத்தை இளைய நோயாளிகள் அடையாளம் காண்பதில்லை, அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அந்த அட்டையின் கதையை யாரிடமாவது சொன்னால்தான் எழுத வரும்போல் இருக்கிறது. நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

நான் பேச்சு மொழிச் சிகிச்சையில் முதுமாணிப் பட்டம் வரை படித்தவள். மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை. என்ன படிக்கிறாய் என்று பக்கத்து அறைக் காம்பராக்காரர்கள் கேட்டபோது, "பேச்சு வராதவங்களப் பேச வைக்கிற படிப்பு" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். ஒருவர் தலையாட்டிவிட்டு, "அப்ப தொழிற்சங்கத்து மேடையில பேசுறதுக்கு நல்ல ஆளுக வரும்னு சொல்லுங்க" என்றார். அம்மா மறுக்கவில்லை. என்னைப் பற்றி நல்லதாக யார் எதைச் சொன்னாலும் அவள் மறுப்பதில்லை.

படிப்பின் கடைசி வருடம் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி கிடைத்தது. ஹட்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் மாரியாயி பெரியம்மா நோயாளியாக வந்து சேர்ந்தார். வட்டவளையிலிருந்து ரயிலேறி வருவார், கூடவே மருமகள் ராஜேஸ்வரி. பெரியம்மா முப்பது வருடத்துக்குமேல் கொழுந்து பறித்தவர். பாரிசவாதம் வலது கையையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. நான் எதைக் கேட்டாலும் ராஜேஸ்வரிதான் பதில் சொல்வாள்.

"அவங்களுக்கு ஒன்னும் வெளங்காதுங்க மிஸ். புத்தி பூரா போயிருச்சி. பச்சப்புள்ள மாதிரி வச்சிப் பாத்துக்கிறோம்."

பெரியம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே சொல்வாள். கெட்ட மனசு கிடையாது. உண்மையாகவே அப்படி நம்பினாள். எனக்கோ பெரியம்மாவின் கண்ணைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. ஆனால் கண்ணைப் பார்த்தேன் என்று அறிக்கையில் எழுத முடியாதே. ஆறு வாரத்துக்குள் பேச்சில் முன்னேற்றம் காட்டாவிட்டால் கோப்பை மூடிவிட்டு, அந்த நேரத்தை வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியின் ஏற்பாடு. ஆறாவது வாரம் கெம்பஸிலிருந்து எங்களுக்குப் படிப்பிக்கும் மேடமே வந்து பார்ப்பார். கோப்பை மூடினால் பெரியம்மா ஆயுளுக்கும் பச்சப்பிள்ளைதான்.

கெம்பஸில் கொடுத்த பட அட்டைகளில் கப்பல் இருந்தது. பியானோ இருந்தது. பனிமனிதன்கூட இருந்தான். ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நாலு வாரம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலர்ப் பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து நானே வரைய உட்கார்ந்தேன். எனக்குச் சித்திரம் வராது. நான் வரைந்த பசுமாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நாய் என்றார்கள். ஆனாலும் விடவில்லை. தேங்காய் ரொட்டி, லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலி, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மழைக்குப் போர்த்தும் கம்பளி, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண் என்று வரைந்து தள்ளினேன். ரொட்டிக்கு வைத்திருந்த மாவில் பசை காய்ச்சி, பழைய காலண்டர் மட்டையில் ஒட்டினேன். ஹட்டன் குளிரில் பசை இரண்டு நாள் காயாமல் கிடந்து அறை முழுக்கப் புளித்த வாசனை அடித்தது. கொழுந்து பறிக்கும் பெண்தான் பதினான்காவது. எல்லாவற்றிலும் அதுதான் அழகாக வந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஆறாவது வாரம் மேடம் வந்தார். சிங்களவர், தமிழ் தெரியாது. ஒரு மூலையில் நாற்காலி போட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டியைக் காட்டினேன். பெரியம்மா பார்த்தார், பேசவில்லை. பீலி, கத்தி, கம்பளி எதற்கும் சத்தமில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன். பதினான்காவதை வைத்தேன்.

பெரியம்மாவின் முகம் சிவந்தது. இடது கையால் அட்டையை மேசையில் ஓங்கி அடித்தார்.

"கூறு... கெட்டவளே!"

ராஜேஸ்வரி எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயோ மாமி! மிஸ்ஸப் போயி..."

"மொகத கிவ்வே?" என்றார் மேடம். என்ன சொன்னார் என்று கேட்கிறார். என் ஆசிரியையிடம், என் பரீட்சையில், என் நோயாளி என்னை முட்டாள் என்று திட்டினார் என்று நானே சிங்களத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மேடம் சிரித்தார். ஆனால் பேனா அசையவில்லை. திட்டு தானாக வருவது, ஒரு சொல்லும் மிஞ்சாதவர்களுக்கும் திட்டு மிஞ்சும், இதைப் பேச்சு என்று எழுத முடியாதே என்றார். அவர் சொன்னது சரி. அதே பதிலைத்தான் நானும் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் தன் தலைக்கு மேலால் பேசிக்கொண்டிருந்தது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி மேசையில் ஒரு அடி. பிறகு, படத்தில் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டார். இல்லை என்று கையை ஆட்டினார். விரலை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து தன் உச்சந்தலையில் வைத்தார்.

"கவுறு... கவுறு... தலையில."

அப்போதுதான் என் படத்தை நானே ஒழுங்காகப் பார்த்தேன். கூடைக் கயிற்றை இரண்டு தோளிலும் மாட்டி வரைந்திருந்தேன். கூடைக் கயிறு தலையில்தான் இருக்கும், கூடையின் பாரம் முழுக்கத் தலைதான் தாங்கும். இது தெரியாத பிள்ளை எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? ஆயிரம் தடவை கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் என் கை வரைந்தது, என் தோள் சுமந்த பள்ளிக்கூடப் பையை.

மேடத்துக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. படத்தையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பேனா ஓட ஆரம்பித்தது. கோப்பு மூடப்படவில்லை.

ராஜேஸ்வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். "அப்ப எல்லாம் வெளங்குதா மிஸ் அவங்களுக்கு? அப்ப இத்தன நாளா நாங்க வீட்ல பேசினதெல்லாம்..." முடிக்க முடியாமல் அழுதாள். பெரியம்மா அவளை நன்றாக ஒரு முறை முறைத்தார். பிறகு, வராத வலப்பக்கத்தை விட்டுவிட்டு, இடப்பக்கத்து வாயால் சிரித்தார். அடுத்த வாரம் நான் கேள்வி கேட்டபோது ராஜேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. "மாமியக் கேளுங்க மிஸ்" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

கயிற்றைத் தலைக்கு மாற்றி வரைந்துகொண்டு போய்க் காட்டினேன். பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். முதுமாணிப் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அந்த "ம்" அளவுக்குத் தலை நிமிரவில்லை. அந்த அட்டைகளே என் ஆய்வாயின. பிறகு அச்சேறின. இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிற தமிழ் நோயாளிகள் அவற்றைப் பார்த்துப் பேசிப் பழகுகிறார்கள்.

மேடம் வந்து பார்த்த அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வெட்கத்தோடு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நல்லது. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே கூடையத் தொடவே விடாம வளத்தேன்."

என் விரல் அப்போது அவள் உச்சந்தலையில் இருந்தது. அங்கே பழைய ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவுக்கு முடி கிடையாது. சின்ன வயதிலிருந்து நான் எண்ணெய் தேய்த்துவிட்ட இடம்தான். அது கயிறு தேய்த்த இடம் என்று அன்றைக்குத்தான் என் விரலுக்குத் தெரிந்தது.

பெரியம்மா பிறகு நிறையப் பேசினார், நிறையத் திட்டினார், போய்ச் சேர்ந்தார். எங்கள் தோட்டத்தில் இப்போது பிரம்புக் கூடை இல்லை. நைலோன் பைதான், அதிலும் இளம் பெண்கள் பலர் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். நான் தப்பாக வரைந்த படம் இன்றைக்குச் சரியாகிவிட்டது, பாருங்கள்.

பதினான்காம் அட்டையை எடுத்துவிடுங்கள் என்று பதில் எழுதிவிட்டேன். அம்மா இருந்திருந்தால் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். கடிதத்தை ஒட்டிவிட்டு எழுந்தபோது கை பழக்கத்தில் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவிட்டது. தேய்த்துவிட அந்தத் தலை இல்லை.