விறைத்த வாயோடு எய்த அம்புகள்

“மச்சாள், நான் கடிச்சிருக்கிறனா?”

அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. கேட்டவள் என் கணவரின் தங்கை; நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாடு ஒன்றில், மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச விளையாட்டுப் போட்டியில், வில்லோடு கோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால், பயிற்றுநருக்கென்று ஒதுக்கிய கட்டத்துக்குள் நான் தொலைநோக்கியோடு நின்றேன். நாணில் கட்டிய தோல்பட்டி அவள் வாய்க்குள் இருந்தது. அதைப் பல் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. பட்டியை வைத்தபடியே குழறிக் குழறிக் கேட்டாள். “ஓம், கடிச்சிருக்கிறாய். இழு” என்றேன். என் குரல் பஸ் நிலையத்தில் யாரோ அறிவித்தல் வாசிப்பது மாதிரி இருந்தது.

மச்சாளுக்கு வலது கை இல்லை. சின்ன வயதில், சண்டைக் காலத்தில், செல் குண்டு விழுந்து போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. வில்லை இடது கையால் பிடித்துத் தள்ளுவாள். நாணைக் கடைவாய்ப் பல்லால் கடித்து இழுப்பாள். ஒரு கை இல்லாதவர்கள் எய்கிற முறை அது. எங்கள் ஊர் சல்லிக் கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்துக்கு அப்பால் இலக்குப் பலகையை வைத்து, தவறுகிற அம்பு பற்றைக்குள் போகாமல் பின்னால் பழைய வலையைக் கட்டிக் கொடுத்தவர் என் கணவர். வலையில் ஒரு அம்பு மாட்டினால் போதும், கரையில் இருக்கிற ஆட்கள் விடமாட்டார்கள். “இண்டைக்கு என்ன மீன் பிள்ளை பட்டது? பாரையோ, சூரையோ?” என்பார்கள். “உங்கட தோணியில பட்டதை விடக் கூடத்தான் மாமா” என்பாள். வாய்க்காரி.

எப்போது அம்பை விட வேண்டும் என்று எப்படித் தெரியும் என ஒருநாள் கேட்டேன். கண்ணால் பார்த்துத்தான் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். “இல்லை மச்சாள். நாண் முழுசா வந்த உடனே பல்லுக்குள்ள ஒரு கூச்சம் எழும்பும். அது வந்தா வாயைத் திறந்திடுவன். வராட்டி விடமாட்டன்” என்றாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

பயிற்றுநருக்கு வேறு வீரர்களும் இருந்தார்கள். உதவிக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்றபோது அவள் அண்ணனைக் கேட்கவில்லை. “மச்சாள்தான் வரவேணும். அவ பதறமாட்டா” என்றாள். சரிதான். செத்தவீட்டிலும் அழாதவள் நான். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பெயர். துறைமுகத்தடி ஐஸ் கொம்பனியில் இத்தனை வருடம் நின்று எனக்கு விரல் மட்டுமில்லை, உள்ளுக்கும் விறைத்துப்போய்விட்டது என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

போட்டிக்கு முதல்நாள் அந்தக் கடைவாய்ப் பல்லடி வீங்கிவிட்டது. வீரர்கள் தங்கியிருந்த இடத்திலேயே பல் வைத்தியர் ஒருவர் இருந்தார். வேரடியில் சீழ் பிடித்திருக்கிறது, மருந்து போட்டு ஆறவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம், நாணை இழுத்தால் உடைந்துவிடும் என்று அவர் சொன்னதை எங்கள் குழுவின் முகாமையாளர் தமிழில் சொன்னார். அந்தப் பக்கத்தில் நாணைத் தாங்க அவளுக்கு வேறு பலமான பல் இல்லை. பல் போனால் வில்லும் போச்சு. விலகினால் அந்த மைதானத்தில் நிற்பதற்காகப் பட்ட பாடெல்லாம் போச்சு. “விறைப்பு ஊசி போடுங்கோ டொக்டர். நோ இல்லாட்டி மெதுவா இழுப்பன், உடையாது” என்றாள். வைத்தியர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். இவள் கேட்கிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் ஊசி போட்டார்கள்.

நோவோடு சேர்ந்து அந்தக் கூச்சமும் போகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மடைச்சிகள்! முதல் அம்பிலேயே அவள் முகம் மாறிவிட்டது. நாண் வந்து நின்றது, அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறக்கப் பிந்திவிட்டாள். அம்பு நடு மஞ்சளையும் அதைச் சுற்றிய சிவப்பையும் விட்டு, வெளியே நீலத்தில் போய்க் குத்தியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. ஒவ்வொரு அம்புக்கும் கேட்டாள். கடிச்சிருக்கிறாய் என்பேன், நாண் வந்திட்டுது என்பேன், விடு என்பேன். நீலம், சிவப்பு, மறுபடி நீலம். வாயோரம் எச்சில் வடிந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்து எய்த எதிராளி மஞ்சளை விட்டு அசையவில்லை. எனக்குக் கவலை வரவில்லை, கோபமும் வரவில்லை. நிறத்தைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஒரு அம்பு மிச்சம் இருந்தபோதே தோல்வி முடிவாகிவிட்டது. அவள் நட்டநடுவில் குத்தினாலும் எட்டாத அளவுக்குப் புள்ளிகள் தூரம். நான் மெதுவாகச் சொன்னேன்: “மச்சாள், முடிஞ்சுது. இனி எய்து ஒண்டும் மாறாது. வில்லை வை. பல்லாவது மிஞ்சட்டும்.”

அவள் கன்னத்தை இடது தோளில் அழுத்திப் பார்த்தாள். “ஊசி விடுது மச்சாள், நோகத் தொடங்கிற்றுது” என்றாள். அப்படிச் சொல்லும்போது சிரித்தாள். பிறகு பட்டியைக் கடித்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாண் வந்து நின்றது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாய் திறந்தது. டிக் என்று ஒரு சத்தம்; வில்லில்தான் ஏதோ என்று நினைத்தேன். அம்பு மஞ்சளின் நடுவில் நின்றது. திரும்பியபோது அவள் உதடெல்லாம் இரத்தம். அன்று பின்னேரமே பல்லைப் பிடுங்கினார்கள்.

இப்போது அவள் என்னோடு ஐஸ் கொம்பனிக்கு வருகிறாள். டெலிபோன் எடுக்கிறாள், லொறிக்காரரோடு வாயாடுகிறாள். வில் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. கரையில் இருந்த பழைய வலையைக் கழற்றி யாரோ கோழிக்கூட்டுக்குக் கட்டிவிட்டார்கள். ஊரில் கேட்டால் “தோத்திட்டன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். நானும் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

போன கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, இவ்வளவு காலமும் அடக்கி வைத்திருந்ததை என் கணவர் கேட்டுவிட்டார்.

“தோத்த போட்டிதானே தங்கச்சி. கடைசி அம்புக்கு ஏன் பல்லைக் குடுத்தனீ? விட்டிருந்தா இண்டைக்கும் எய்துகொண்டிருப்பாய்.”

அவள் சோற்றை மற்றப் பக்கம் ஒதுக்கி மென்று விழுங்கினாள்.

“மற்றதெல்லாம் ஊசி எய்தது அண்ணா. மச்சாள் விடச் சொல்லேக்க வாயைத் திறந்தனான், அவ்வளவுதான். அந்த ஒண்டைத்தான் நான் எய்தனான்.”

தண்ணீர் எடுக்கிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.