தூரமா என்று கேட்ட தெரு

எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது நாற்பதுகூட ஆகவில்லை. "காலையில வேகமா நடம்மா. இல்லேன்னா தினம் ஊசிதான்" என்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. ஊசி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருவள்ளூரில் எங்கள் தெருவைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளியே கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்பது அபசகுனமாம். அதனால் வாசலுக்கு வாசல், "இன்னாக்கா, தூரமா?" சும்மா நடக்க என்றால் சிரித்தார்கள். "ஊட்ல வேல இல்லியா?" சரி, இந்த வம்பே வேண்டாம், கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மறுநாளிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவேன். அந்தச் சாலைதான் கொஞ்சம் அகலம்.

என் வீட்டுக்காரர் கொல்லையில் கர்லாக்கட்டை சுற்றுவார். அவருக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. ஆபீஸ் போகும் ரயிலில் யாரோ தொப்பையைக் கிண்டல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பாதாம் என்ன, பால் என்ன! தெருவே மதில் மேல் எட்டிப் பார்த்து மெச்சும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆரம்பாக்கத்திலிருந்து என் அப்பா கண் கலங்கி வந்து நின்றார். பையும் கையுமாகத் தினம் ஸ்டேஷனுக்குப் போகிறாள், புருஷனோடு சண்டை போலிருக்கிறது, ரயிலேற மனசு வராமல் திரும்பி வருகிறாள் என்று தெருவில் யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாவிகள்!

"இன்னாமா கஷ்டம் ஒனக்கு? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ஒரு கஷ்டமும் இல்ல நைனா. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"நடக்கறதுக்குப் பையி எதுக்கும்மா?"

வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "என் மானத்த வாங்கிகினு ஒண்ணும் நடக்க வேணாம். ஊட்டுக்குள்ளயே நட" என்றார். அப்பாவும் தலையாட்டினார். அடுப்படியிலிருந்து நாலு எட்டு வைத்தால் வாசல் வந்துவிடும். அந்த வீட்டில் எங்கே நடப்பது?

சர்க்கரை ஏறியது. ஊசி வந்தது. டாக்டர் இருந்தது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அதே காலை வேளையில், அதே சாலையில், அதே பையோடு தினமும் போனேன். "ஊசிக்கா? பாத்துப் போக்கா" என்று வழிவிட்டார்கள். தூரமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.