டாக்னியின் கட்டைவிரல்

இடதுகைக் கம்பளியுறையின் கட்டைவிரல் பகுதியை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டார் டாக்னி எக்லுன்ட். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விரலை வாயருகே கொண்டுபோய் மூன்று முறை ஊதிச் சூடேற்றுகிறார். பிறகு, உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுக் கருவியின் திருகைச் சுற்றி, சாளரத்தில் நான்கு சுழியங்களும் வரிசையாக நிற்கின்றனவா என்று பார்க்கிறார். அமுக்கினால் ஓர் எண் கூடும். குறைக்க வழியில்லாத கருவி அது. நிலையத்தில் அதற்கு டிக்டிக் என்று பெயர். மணி இரண்டு எட்டு. தரையில் ஒட்டியிருக்கும் இரண்டு பச்சை நாடாத் துண்டுகளின்மேல் பாதங்களை வைத்துக்கொள்கிறார். இனி பதினேழு நிமிடங்களுக்கு அவரிடம் யாரும் பேசக் கூடாது.

பேசினால் பதில் வராது. பழைய பள்ளித் தோழி கட்டியணைக்க வந்தாலும், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்துவார். சிரித்தால் ஓர் ஆள் நழுவிவிடுவானாம். "வணக்கம் சொல்றதுக்குள்ள ரெண்டு பேரு பின்னாடி போயிடுறாங்க. மரியாதைக்காரின்னு பேரெடுத்து என்ன பண்றது?" என்பார்.

மரியாஹாம் துறைமுகத்தில் நாள்தோறும் பிற்பகல் இரண்டு பத்துக்குக் கோப்பா லைனின் இரு கப்பல்கள் ஒரே துறைமேடையின் இருபுறமும் வந்து அணைகின்றன. தூர்க்குவிலிருந்து காலையில் புறப்பட்டது தேர்னா. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்தது லோமன். தேர்னாவில் வந்த உல்லாசப் பயணிகள் இறங்கி, கண்ணாடி நடைபாதை வழியே நடந்து லோமனில் ஏறி, இரவு உணவுக்கு முன் தூர்க்குவுக்கே திரும்பிவிடுவார்கள். இரு கரைகளுக்கும் நடுவிலிருக்கும் எங்கள் தீவில் அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை. கப்பல் இங்கே ஒருமுறை தொட்டால்தான் அதன் கடையில் வரியில்லாமல் விற்கலாம், அவ்வளவே. இப்படிக் கப்பல் மாறுகிறவர்களை லோமனின் வாசலில் நின்று தலை தலையாக எண்ணுவது டாக்னியின் தொழில். எதிர்த்திசையில் மாறுவோருக்கு மறுபுற வாசலில் வேறோர் ஆள் உண்டு. டாக்னிக்கு ஆறு தப்படி தள்ளி, சீட்டுச் சாளரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக அவருடைய முதுகைப் பார்த்து வருகிறேன்.

கம்பெனியைத் தொடங்கியவர்கள் இத்தீவின் மூன்று கப்பல் தலைவர்கள். அறுபத்தொன்றாம் ஆண்டு, கழித்துக் கட்டிய நீராவிக் கப்பல் ஒன்றை வாங்கி வந்தார்கள். கார்களைப் பாரந்தூக்கியால் ஒவ்வொன்றாக மேல்தளத்தில் ஏற்றினார்கள். முதல் பயணத்திலேயே கப்பல் துறைமுக வாயிலிலிருந்த பாறைத்திட்டில் உரசியது. ஊர் கைகொட்டிச் சிரித்தது. மூவரும் அசரவில்லை, எங்கள் மொழியில் பாறைத்திட்டைக் குறிக்கும் கோப்பா என்ற சொல்லையே கம்பெனிக்குப் பெயராக வைத்தார்கள். அக்காலத்தில் மூவரில் ஒருவரின் மனைவி ஏறுபாலத்தடியில் நின்று, ஏறுகிற ஆளுக்கு ஒரு காய்ந்த பட்டாணி வீதம் பால் வாளியில் போடுவார். கப்பல் போன பிறகு பட்டாணியை எண்ணுவார். இன்று அலுவலகம் தூர்க்குவில் ஐந்து மாடிகளில் இருக்கிறது. ஏறுவோரின் அட்டையை வாசலில் உள்ள இயந்திரம் படித்துவிடுகிறது. ஆயினும், மாறுவோர் எண்ணிக்கை சரி என்று டாக்னி கையெழுத்திட்டுக் கொடுக்கும் மஞ்சள் தாளுக்குப் பட்டாணிச் சீட்டு என்றே பெயர். அது கைக்கு வராமல் இரண்டு கப்பல்களில் எதுவும் கயிறு அவிழ்க்கக் கூடாது என்ற விதியை ஏனோ இன்னும் யாரும் அழிக்கவில்லை.

எண்ணும் பழக்கம் வாசலோடு நிற்பதில்லை. மாமனாரின் இறுதிச் சடங்கு முடிந்து தேவாலயத்திலிருந்து எல்லாரும் வெளியேறியபோது, "உள்ள எண்பத்தி நாலு, வெளிய எண்பத்தி மூணு" என்று பாதிரியாரின் காதில் சொன்னவர் அவர். பாதிரியார் தம்மையே சுட்டிக்காட்டிய பிறகுதான் டாக்னியின் முகம் தெளிந்தது. சனிக்கிழமை நீராவிக் குளியலில் கணவர் பெரியே ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் வெளியிலிருந்து கதவைத் தட்டுவார். "செத்தா சொல்லியனுப்புறேன், போடி" என்பார் பெரியே.

ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணு குறையுது'. அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஓர் ஆள் குறைகிறது என்று நாற்பது நிமிடம் கப்பலை நிறுத்தினார். அந்த மனிதர் தேர்னாவின் குளியலறையில் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, சேர்ந்திசைக் குழு ஒன்று ஆளுயரப் பிடில் பெட்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனது; அதையும் ஓர் ஆளாக எண்ணிவிட்டு, பிறகு ஓர் ஆள் கூடுகிறது என்று தடுமாறினார். இரண்டாவது சம்பவத்துக்குப் பிறகு தூர்க்குவிலிருந்து கடிதம் வந்தது. தவறான எண்ணிக்கையால் இனி ஒருமுறை புறப்பாடு தாமதமானால், எண்ணும் பொறுப்பு முழுவதும் இயந்திரத்துக்கே விடப்படும் என்று அதில் இருந்தது. அக்கடிதத்தை நான்காக மடித்துக் கையுறைக்குள் வைத்திருக்கிறார். "அது குத்திக்கிட்டே இருந்தாதான் கவனம் இருக்கும்" என்றார் ஒருநாள், பிளம்பழக் கூழ் தடவிய அப்பத்தைப் பிட்டுக்கொண்டே.

சென்ற நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் பெய்த மழை துறைமேடையில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. வடமேற்குக் காற்று வலுத்துக்கொண்டு வந்தது. தூர்க்குவிலிருந்து வந்த தகவல்படி மாறுவோர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கூட்டம் வந்தது, கடந்தது, தீர்ந்தது. டாக்னியின் முதுகு விறைத்ததை என் இடத்திலிருந்தே கண்டேன். கருவியைக் கண்ணருகே உயர்த்தினார், தாழ்த்தினார், மறுபடி உயர்த்தினார்.

லோமனின் துணை அதிகாரி ரூனார் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பட்டாணிய குடு டாக்னி. போகணும்."

"ஒண்ணு குறையுது."

ரூனார் முதலில் சிரித்தார். டாக்னியின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மறுபடியுமா? மெஷின் எரநூத்திப் பன்னெண்டுங்குதே!"

"மெஷின் அட்டைய எண்ணுது. நான் ஆள எண்றேன். எரநூத்திப் பதினொண்ணு."

"அன்னைக்குப் பெட்டிய ஆளுன்னு எண்ணின. இன்னைக்கு எவனையாவது பெட்டின்னு நெனச்சு விட்டிருப்ப."

 டாக்னியின் வலக்கை விரல்கள் இடக் கையுறையை, கடிதம் இருக்கும் இடத்தில், தடவிக்கொண்டிருந்தன. ரூனாரின் தோளில் மாட்டியிருந்த கம்பியில்லாக் கருவி கரகரத்தது. கேப்டனின் குரல்.

"எதுக்கு நிக்கிறோம்?"

"டாக்னி" என்றார் ரூனார்.

"ஓ." கேப்டன் தொடர்ந்தார். "அவகிட்ட சொல்லு. காத்து நொடிக்குப் பத்தொம்போது மீட்டர் வந்தாச்சு. இருவத்திரெண்டத் தாண்டினா பாறைங்களுக்கு நடுவுல நான் கப்பலத் திருப்ப மாட்டேன். ஆயிரத்தி நூறு பேரையும் ராத்திரி அவ வீட்டுல படுக்க வச்சுக்கட்டும். கால் மணி நேரம் தரேன், அவ்வளவுதான்."

"கேட்டுதா? அந்த ஆளு தேர்னாவுல தூங்கிட்டிருப்பான், டாக்னி. ஸ்டாக்ஹோம்ல முழிச்சுக்குவான். ஒலகம் அழிஞ்சிடாது."

"தேர்னாவுலயும் இல்லன்னா?"

"இல்லன்னா..."

"தண்ணி ஆறு டிகிரி, ரூனார்."

 காற்று கண்ணாடி நடைபாதையை உலுக்கியது. டாக்னியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடந்துபோன முகங்களை மீண்டும் முதலிலிருந்து நடத்திப் பார்க்கிறார் என்று புரிந்தது. ஒரு கட்டத்தில் தம்மையே சந்தேகித்தார்போலும். மஞ்சள் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார். பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. பிறகு மூடினார்.

"ஒரே நேரத்துல ரெண்டு அட்டையப் படிச்சிருக்கான்னு அந்த மெஷின்ல பாரு."

ரூனார் முணுமுணுத்தபடி திரையைத் தட்டினார். ஐந்து இடங்களில் அப்படிப் பதிவாகியிருந்தது. நான்கு, கைக்குழந்தைகளோடு வந்த தாய்மார். ஐந்தாவது, லெஹ்தோனென் தம்பதி: ஹெல்வி, எழுபத்து மூன்று வயது, தௌனோ, எழுபத்தெட்டு. ஒலிபெருக்கியில் இருவரையும் அழைத்தார்கள். ஹெல்வி மட்டும் வந்தார், கையில் கடைக்கூடையோடும் முகத்தில் கோபத்தோடும்.

"என்ன குத்தம் பண்ணிட்டேன்னு ஊரே கேக்க என் பேரக் கூப்பிடுறீங்க?"

"தௌனோ எங்க?" என்றார் டாக்னி.

"மேல. சாப்பாட்டுக் கூடத்துல ஜன்னலோரம் ஏழாம் மேச பிடிச்சு வச்சிருப்பாரு. எப்பவும் அப்படித்தான். அட்டை எங்கிட்ட, மேச அவருகிட்ட. இருவத்தாறு வருசமா இப்படித்தான் வரோம். இது நாப்பத்தி மூணாவது தடவ."

"நீ மேல போய்ப் பாத்தியா?"

"கடைய முடிச்சுட்டுத்தான் போவேன். எதுக்கு இப்ப..."

ரூனார் தொலைபேசியில் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே டாக்னியைப் பார்த்தார். "ஏழாம் மேச காலியா இருக்காம்."

ஹெல்வியின் கூடை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"அவரு எந்த வழியா ஓடுவாரு?" டாக்னியின் குரல் இப்போது மிக மெதுவாக இருந்தது. "இந்த நடைபாதையில என்னைத் தாண்டி வரல. நான் பாத்திருப்பேன்."

"இன்னைக்கு இதுல அவரு எங்க வந்தாரு! பெட்டிய உருட்டிக்கிட்டு ஊர்வலம் போறாங்கன்னு திட்டுவாரு. பழைய குறுக்கு வழியில போறேன்னு கெளம்பினாரு. அந்த இரும்புப் படி."

கண்ணாடி நடைபாதை கட்டுவதற்கு முன் கப்பல் மாறுவோர் எல்லாரும் அந்த வெளிப்படியில்தான் இறங்கி ஏறினார்கள். நான்கு ஆண்டுகளாக அது அவசர வழி மட்டும். உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்கும். சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து திறக்காது. அடியில் உள்ள வாயிலுக்குப் பூட்டு. கதவு திறந்தால் மணி அலற வேண்டும். காற்றடிக்கும்போதெல்லாம் தானாகவே அலறித் தொலைத்ததால், அக்டோபரில் அதை நிறுத்தி வைத்திருந்தோம். நிறுத்தியவன் நான்தான்.

பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாக, சீட்டில் கையெழுத்திடாமல் டாக்னி பச்சை நாடாவை விட்டு நகர்ந்தார். நகர்ந்தார் என்பது சரியில்லை, ஓடினார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் கனத்த காலணியோடு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நானும் ஓடினேன். 

கதவைத் தள்ளியதும் காற்று மூச்சை அடைத்தது. படிகள் முழுக்கப் பனிக்கட்டி. இரண்டாவது திருப்பத்தில், கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரு கால் இயல்பில்லாத கோணத்தில் மடிந்திருக்க, தொப்பியில்லாமல் கிடந்தார் கிழவர். புருவத்தில் பனி. உதடு நீலம். அந்தத் திருப்பம் கடலைப் பார்த்தது. துறைமேடையில் நிற்கும் யாருக்கும் தெரியாத இடம். கண்கள் எங்களைக் கண்டன.

"கத்தினேன்" என்றார். "காத்து மட்டும்தான் கேட்டுது."

டாக்னி தம் மேலங்கியைக் கழற்றி அவர்மேல் போர்த்தி, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "பேசாத. எண்ணு. ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கிட்டே இரு. விட்டுடாத." கிழவர் பின்னிஷ் மொழியில் எண்ணத் தொடங்கினார். அறுபத்து நான்கு வந்தபோது ரூனாரும் இரண்டு மாலுமிகளும் தூக்குப்படுக்கையோடு வந்தார்கள்.

மணி இரண்டு முப்பத்தாறு. ரூனாரின் தோளில் கேப்டனின் குரல் மறுபடி கரகரத்தது: "ஆளு கெடச்சானா? காத்து இருவத்தொண்ணு." ரூனார் பொத்தானை அழுத்தி, "கெடச்சாரு" என்றார். 

மருத்துவ ஊர்தி நிலையத்தின் முன்புறம் நின்றது. அங்கே போக லோமனின் வாசலைக் கடந்தாக வேண்டும். நாங்கள் வந்து சேர்வதற்குள் டாக்னி பச்சை நாடாக்களின்மேல் போய் நின்றுவிட்டார், மேலங்கி இல்லாமல், நடுங்கிக்கொண்டு. கருவி கையில்தான் இருந்தது. அதை அவர் சுழியத்துக்குத் திருப்பவே இல்லை; சாளரத்தில் இன்னும் இருநூற்றுப் பதினொன்று.

"இப்பவாவது கையெழுத்துப் போடு, டாக்னி" என்றார் ரூனார். கேலி எதுவும் இல்லாத குரல். "கயிற அவுக்கச் சொல்லவா?"

டாக்னி வலக்கையை உயர்த்தி, இரு என்று காட்டினார். ஹெல்வி கணவரின் கையைப் பிடித்தபடி, "ஏழாம் மேச வேணுமாமே, ஏழாம் மேச! நாப்பத்தி நாலாவது தடவ எங்கூட நடந்து வா, சொல்றேன்" என்று அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் உடன் நடந்து வந்தார். தாம் கப்பலைவிட்டு இறங்கிவிட்டது அவருக்கே உறைக்கவில்லை. கிழவர் இன்னும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

தூக்குப்படுக்கை வாசலுக்கு நேரே வந்தது. டாக்னி குனிந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த அந்த முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். நீலம்பாரித்திருந்த கட்டைவிரல் கருவியின்மேல் ஒரே ஒருமுறை அழுந்தியது.