பாதி மொட்டையும் எட்டுப் பிள்ளையும்

எதில்சா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளையும் பெறவில்லை. ஆள் கிடைக்காமல் இல்லை. நிறையவே கிடைத்தார்கள், அதற்கு எங்கள் தெருவே சாட்சி. பதினொரு பிள்ளைகள் பிறந்த வீட்டில் மூத்தவள். தன் கழுத்தில் ஒரு பாசிமணி போட்டுப் பார்க்கும் வயதுக்குள் பத்துப் பேருக்குக் கால் கழுவி விட்டவள். "என் பங்குப் பிள்ளைங்களை எங்கம்மாவே பெத்துட்டா, நான் வளர்த்துட்டேன். இனி என் இடுப்புக்கு லீவு" என்பாள்.

கொலம்பியாவின் கடற்கரையில், கரீபியன் கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது எங்கள் தெரு. எதிரே கடல் முழுக்கத் தண்ணீர், குழாயில் வெறும் காற்று. அந்தக் கோடையில் எப்போதாவது வரும் தண்ணி லாரிதான் கதி. வீட்டுக்கு இரண்டு டிரம். வீட்டு முகப்பிலேயே ஆம்பளை சலூன் நடத்தி வந்த எதில்சாவுக்கும் இரண்டு டிரம். எதிர்வீட்டில் பெண்டாட்டி யாமிலேயோடும் எட்டுப் பிள்ளைகளோடும் இருந்த பைக் டாக்ஸிக்காரன் வில்ஃப்ரிதோவுக்கும் அதே இரண்டு டிரம்.

தண்ணீர்ப் பங்கீட்டுக்கான பஞ்சாயத்து, மாதா கோயிலில் நடந்தது. தெருவில் ஃபேன் ஓடும் ஒரே கட்டடம் அதுதான்.

"தலைக்கு இவ்வளவுன்னு குடுங்க. அதுதான் நியாயம்" என்றான் வில்ஃப்ரிதோ.

எதில்சா எழுந்தாள். "ராத்திரி நீ சந்தோஷமா இருந்ததுக்கு, பகல்ல நான் ஏன்டா குளிக்காம இருக்கணும்?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பிள்ளைகள் கடவுள் குடுத்த கொடைம்மா" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், இந்தத் தெருவுல அந்தக் கொடையை வாங்காம தப்பிச்சது நீங்களும் நானும்தான். நாம கொஞ்சம் அடக்கி வாசிப்போம்."

தலைக்கணக்குதான் ஜெயித்தது. மறுநாளே எங்கள் தெருவின் ஜனத்தொகை இரண்டு மடங்கானது. செத்துப்போன சித்தப்பாக்கள் பட்டியலில் எழுந்து வந்தார்கள். பாரன்கியா நகரத்தில் குடியேறிய மகள்கள் திரும்பினார்கள். என் நாய்க்கு ரமோன் என்று பெயர். அதற்கு ஒரு குடும்பப் பெயரும் சேர்த்து நானே எழுதிக் கொடுத்தேன். எதில்சா மட்டும் ஒரே ஒரு ஆளைச் சொன்னாள். அரை டிரம் கிடைத்தது. வாயில் வந்தபடி எல்லோரையும் திட்டினாள்.

அந்த வாரம் நான் முடிவெட்டக் காத்திருந்தபோது யாமிலே வந்தாள். நான் இருப்பதையும் பொருட்படுத்தவில்லை.

"அக்கா, மாசாமாசம் தள்ளிப்போயிடுமோன்னு உயிரே போகுது. எனக்கு இருக்கிற பிரஷருக்கு ஆபரேஷன் வேணாங்கிறார் டாக்டர். இவரைப் பண்ணிக்கச் சொன்னா, ஆம்பளைத்தனம் போயிடுமாம். நீ சொன்னாலாவது கேப்பாரா?"

"சொன்னா கேக்க மாட்டான்" என்றாள் எதில்சா. "விடு, பார்க்கலாம்."

சனிக்கிழமை வில்ஃப்ரிதோ வந்து உட்கார்ந்தான். மறுநாள் மூத்த மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்குச் சமம். மண்டபம், பாண்டு, எல்லாம் ஏற்பாடு. எதில்சா மெஷினை வைத்து நடுமண்டையிலிருந்து வலது காது வரை வழித்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டாள்.

"மீதி?"

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆபரேஷனைப் பண்ணிட்டு வா. மீதியைச் செரைக்கிறேன்."

வில்ஃப்ரிதோ கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கத்தினான். கத்தி ஓய்ந்ததும் ஒன்று கேட்டான்: "கீழ கடலோர வில்லாவுல பணக்காரங்க ரெண்டே பேரு. அவங்க நீச்சல் குளம் ஒரு தடவை குடிக்கிற தண்ணியை என் புள்ளைங்க எட்டும் சேர்ந்து ஒரு வருஷத்துல குடிக்காது. அவங்க தலையைப் பாதி செரைப்பியா?"

எதில்சா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் நியாயம்தான். அவங்க தலை என் கைக்கு வரட்டும், பார்த்துக்கறேன். இப்ப வந்திருக்கிறது உன் தலை."

தெருக்கோடியில் இன்னொரு சலூன் உண்டு. ஆனால் அதன் முதலாளி எதில்சா வளர்த்த தம்பி. அக்கா தொட்ட தலையை அவன் தொடமாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் பிள்ளைகளிடம் கத்திரிக்கோலைக் கொடுக்க வில்ஃப்ரிதோவுக்குத் தைரியம் இல்லை.

விழாவுக்குத் தொப்பியோடு வந்தான். மகளோடு சுற்றிச் சுற்றி ஆடும்போது தொப்பி பறந்தது. மண்டபமே சிரித்தது. யாமிலே எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள், பிறகு அழுகை நிற்கவில்லை. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளிடம் போனான். "இவ்வளவு பயமாடி உனக்கு?" என்று கேட்டதைப் பக்கத்து மேசையில் இருந்த நான் கேட்டேன். அதற்குமேல் கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது.

அடுத்த வாரம் கால்களை அகட்டி நடந்தபடி சலூனுக்கு வந்தான். எதில்சா மீதியை வழித்துவிட்டு, குளிர்ந்த பீர் ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் வில்லா விஷயம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு மத்தியானம், லாரி எங்களைத் தாண்டி நேரே வில்லாவுக்குப் போவதைப் பார்த்தவள், சலூன் நாற்காலியை இழுத்துப்போய் ரோட்டின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் சிரித்தான். "ஒத்தப் பொம்பளை. ஓரமா வளைச்சிப் போயிடுவேன்."

அப்போது வில்ஃப்ரிதோவின் பிள்ளைகள் வந்தார்கள். பதினைந்து வயதுக்காரி முதல் அரைக்கால்சட்டை நழுவும் கடைசிப் பயல் வரை நாற்காலிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ரோடு அடைபட்டுவிட்டது. பிறகு நாங்கள் வந்தோம். லாரி மொத்தமும் எங்கள் டிரம்களில் இறங்கியது. அன்றிலிருந்து லாரி முதலில் மேட்டுக்குத்தான் வருகிறது. வில்லாக்காரர்களின் குளத்தில் இப்போது தவளைகள் குடியிருக்கின்றன. செத்தவர்களையும் என் ரமோனையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

வில்ஃப்ரிதோ சும்மா இருப்பானா? அடுத்த சனிக்கிழமை கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தான். "எட்டும் இல்லேன்னா லாரி நின்னிருக்குமா, சொல்லுக்கா?"

"நின்னிருக்காதுடா. ஆனாலும் எட்டு அதிகம்தான்."

"ஒன்பதாவது மட்டும் இருந்திருந்தா..."

"வாயை மூடு. கத்தி காதுகிட்ட இருக்கு."