அக்கா கல்லூரி பார்க்கப் போனாள்

எங்கள் வாடிப்பட்டிப் பக்கத்தில் பெண் பார்க்க வருவார்கள், மாடு பார்க்கப் போவார்கள், நிலம் பார்க்கப் போவார்கள். கல்லூரி பார்க்கப் போனது, எனக்குத் தெரிந்து, எங்கள் அக்காதான் முதல் ஆள். எனக்கு அப்போது எட்டு வயது. அழுது அடம்பிடித்து நானும் கூடவே தொற்றிக்கொண்டேன்.

அக்கா மதுரையில் விடுதியில் தங்கிப் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை. சேதி வந்த அன்று அப்பா வயலுக்குப் போகிற வழியெல்லாம் ஆள் ஆளாக நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனதில், வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

அடுத்து எங்கே படிப்பது என்று முடிவு சொல்ல வந்தவர் எங்கள் தாய்மாமா. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவர் மகனுக்குத்தான் அக்கா என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்த விஷயம். படித்த மருமகள் வருவதில் மாமாவுக்கும் பெருமைதான். அந்தப் படிப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் அவருக்குக் கவலை.

“தெக்க பொம்பளப் புள்ளைகளுக்குன்னே ஒரு காலேஜ் இருக்கு மச்சான். கண்ண மூடிக்கிட்டுச் சேத்துரலாம்” என்றார்.

“கண்ணத் தொறந்துக்கிட்டே ஒருதடவ பாத்துட்டு வருவோமே மாமா” என்றாள் அக்கா. “மதுரைக் காலேஜையும் பாக்கணும். அங்க கணக்கு நல்லா இருக்குன்னு எங்க டீச்சர் சொன்னாங்க.”

மாமாவுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. மதுரைக் கல்லூரி ஆண்கள் படிக்கிற இடம். பெண்கள் சேரக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை, சேர்ந்தவர்களும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்தே, “பாத்துட்டுத்தான் வரட்டுமே, பாக்குறதுக்கு என்ன கேடு?” என்றாள். தம்பிக்கு எதிராக அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

முதலில் தெற்கே போனோம். ரயிலைவிட்டு இறங்கி ஜட்காவில் போய்ச் சேர்ந்ததும் மாமா செய்த முதல் காரியம் மதில் சுவரை அண்ணாந்து பார்த்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரம் இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. எனக்கும் அந்த இடம் பிடித்துப் போயிற்று. கொய்யா மரங்கள் இருந்தன, ஒரு மரத்தில் ஊஞ்சல் இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய அக்காமார் எனக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். தலைமை அம்மையார் அவ்வளவு தன்மையாகப் பேசினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கணக்குப் பாடம் எடுத்துப் படிக்க முடியுமா என்று கேட்டாள்.

“அத யாரும் கேக்கறதில்லையேம்மா. சரித்திரம் எடுத்துக்கோ, சுலபமா இருக்கும்” என்றார் அந்த அம்மையார். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, வெளியார் உட்காருவது வழக்கமில்லை என்று சிரித்தபடியே சொல்லிவிட்டார். அதிலும் மாமாவுக்குத் திருப்திதான்.

மறுவாரம் மதுரைக் கல்லூரிக்குப் போனோம். அங்கே மதில் இடுப்பளவுதான். வாசலிலேயே மாமாவின் வாய் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. வராந்தா முழுக்கக் குடுமியும் கிராப்புமாக ஆண்பிள்ளைகள். நாங்கள் நடக்க நடக்கப் பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. கணக்கு ஆசிரியர் தலைப்பாகையும் நீளக்கோட்டுமாக இருந்தார். வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று அக்கா அவரிடமும் கேட்டாள். அவர், “வா” என்றார். அவ்வளவுதான். ஜன்னலோரம் ஒரு பெஞ்சைக் காலி பண்ணச் சொல்லி எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். அப்பாவும் மாமாவும் வராந்தாவில் நின்றார்கள்.

பின்னாலிருந்து பையன்கள் தரையில் செருப்பைத் தேய்த்தார்கள். அக்காவின் காது மடல் சிவந்து போனது எனக்குத் தெரிந்தது. ஆனால் கண் கரும்பலகையை விட்டு நகரவில்லை. ஆசிரியர் பெரிய மரக் கவராயத்தை வைத்து ஒரு கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் காட்டி, அதன்மேல் என்னென்னவோ கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தூக்கம் வந்தது.

திடீரென்று அக்கா எழுந்து நின்றாள். அவளும் இங்கிலீஷில்தான் கேட்டாள். என்ன கேட்டாள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். கோணத்தை இரண்டாகப் பிரிக்க முடிகிறது, அதே அளவுகோலையும் கவராயத்தையும் வைத்து எந்தக் கோணத்தையும் மூன்றாகப் பிரிக்க முடியுமா? முடியாது என்றால் ஏன் முடியாது?

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஆசிரியர் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு, அத்தனை பையன்களுக்கும் நடுவில் தமிழில் சொன்னார்.

“முடியாதுன்னு படிச்சிருக்கேன்மா. ஏன் முடியாதுன்னு எனக்குச் சரியாத் தெரியல. தேடிப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்.”

வெளியே வந்ததும் மாமா வெடித்தார். “மச்சான், சொல்லிப்புட்டேன். இம்புட்டு ஆம்பளைக நடுவுல உக்காந்து படிச்ச புள்ளைய எம் மகனுக்கு எடுக்க மாட்டேன்.”

அப்பா அக்காவின் பக்கம் திரும்பினார். “உனக்கு எது தாயி பிடிச்சிருக்கு?”

“இதுதாம்ப்பா.”

“ஏன்?”

“தெரியலன்னு சொன்னாரேப்பா.”

அப்பா தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “கோவிச்சுக்காத மாப்ள. உம் மகனுக்கு ஊர்ல புள்ளைகளா இல்ல? இவளுக்கு இவ கேக்குற காலேஜு இது ஒண்ணுதான் இருக்கு” என்றார். மாமா கடையைப் பார்த்து நடந்துவிட்டார். அவர் மகனுக்கு அடுத்த தையிலேயே கல்யாணம் ஆனது. நாங்கள் எல்லோரும் போய்ச் சாப்பிட்டோம். அக்கா கணக்கில் பட்டம் வாங்கி, பிறகு அதையே பல வருஷம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தாள். மாமா தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்கக்கா மகதான், நான்தான் கூட்டிட்டுப் போயி காலேஜு காட்டுனேன்” என்பார். அதில் பொய் இல்லை.

மதுரைக் கல்லூரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம் ரயிலில் எனக்குத்தான் ஆறவில்லை. ஊஞ்சல் உள்ள இடத்தை விட்டுவிட்டு, பாடம் தெரியாத வாத்தியாரிடம் யாராவது போய்ச் சேருவார்களா? “அவருக்கே தெரியலையாம், அங்க போயி அக்கா என்னத்தப் படிக்கும்?” என்று கேட்டேன். அப்பா பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், “எம் மகளை நாளைக்கு வரச் சொல்லிருக்காரு காலேஜுல” என்றார். அவர் சோழவந்தானில் இறங்கிப் போனதும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவரிடமும் அதையே சொன்னார்.

நாளைக்கு மறுபடியும் இவ்வளவு தூரம் அலைய வேண்டுமே, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான் அக்காவின் மடியில் தூங்கிப் போனேன்.