ஹானோரா டெவ்லினின் மீசை

ஹானோரா டெவ்லினுக்கு மீசை இருக்கிறது என்று பதினான்காம் தெரு முழுக்கப் பேச்சு. பூனைமுடி அல்ல, மெழுகு தடவி இரு முனையும் முறுக்கிவிட்ட மீசை. நேரில் பார்த்தவர் யாரென்று கேட்டால், பார்த்தவரின் மச்சானைத் தெரிந்தவர்கள் நாலு பேர் கிடைத்தார்கள். நியூயார்க்கில் இதைவிடக் குறைந்த சாட்சியத்துக்கு ஆட்களைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன்.

அந்தப் பெயர் தெரியாதவர் அந்த ஆண்டு ஊரில் இல்லை. பாட்டுப்பெட்டிக் கடைகளில் திங்கட்கிழமைதோறும் புதுப்பாட்டுப் பட்டியல் ஒட்டுவார்கள். எட்டு வாரமாக முதல் வரியில் ஒரே பாட்டு: ‘இன்னொரு தட்டு’, பாடியவர் திருமதி ஹானோரா டெவ்லின். ஐந்து சென்ட் போட்டுவிட்டு இரண்டு ரப்பர் குழாய்களைக் காதில் செருகினால், கடலுக்குப் போன மகனுக்காக ஒரு தாய் சாப்பாட்டு மேசையில் தினமும் தட்டு வைப்பாள். கடைசி வரியில் ஒரு விம்மல் வரும். குதிரைவண்டிக்காரர்கள்கூடச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு காசு தேடுவார்கள்.

மீசையைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. பாட்டுப் பதிகிற மாடியில், லூதர் பிங்காம் என்ற கனத்த மனிதரின் மூக்குக்குக் கீழே இருந்தது. ஐந்து தகரக் கொம்புகளுக்கு முன்னால் நின்று பெண்குரலில் பாடிக்கொண்டிருந்தார். ஒரு தடவை பாடினால் ஐந்து மெழுகு உருளை. ஐந்நூறு வேண்டுமென்றால் நூறு தடவை பாடியாக வேண்டும். அன்றைக்கு முப்பத்தெட்டாவது தடவையாக விம்மி முடித்துவிட்டு, தேன் கலந்த வெந்நீரைக் குடித்தார்.

“மீசை என்னுது, பேரு அந்தம்மாவுது. பொம்பளைக் குரல் மெழுகுல நிக்காதுய்யா. மேல போனா ஊசி கீச்சுன்னு கத்துது. அந்தம்மாவைத் தள்ளி நிக்க வெச்சாங்க, திருப்பி நிக்க வெச்சாங்க, கதவுக்கு அந்தப் பக்கம்கூட நிக்க வெச்சாங்க. ம்ஹூம். அதுக்குள்ள பட்டியல்ல பேரு அச்சாயிடுச்சு. பக்கத்துல நான்தான் சும்மா நின்னேன்.”

“அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“நல்லா கேட்டீங்க போங்க! பத்து நாள் உக்காந்து எனக்குப் பாட்டைச் சொல்லிக் குடுத்ததே அவங்கதான். நாடு பூரா பேரு பரவினா அவங்க மேடையேறிப் பாடுற கொட்டகைல கூட்டம் வரும்னு நெனச்சாங்க.” கோப்பைக்குள் பார்த்தார். “வந்துச்சு. அதான் வெனையே.”

வதந்தி பாதி உண்மை என்று என் பத்திரிகைக்கு எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். மீதிப் பாதி ஆறாம் அவென்யூவில் ஒரு பாட்டுப்பெட்டிக் கடையில் இருக்கிறது என்று லூதர் சொன்னார். காலையில் போனேன். தன் பெயர் ஒட்டிய பெட்டியின் காதுக்குழாயை வினிகர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு நாற்பது வயதுப் பெண்மணி. கடைக்காரருக்கு அவர் வெறும் நோரா.

“மீசையைத் தேடி வந்தீங்களா? இன்னைக்கு வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்,” என்றார். பிறகு, துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

“டெர்மட்னு ஒரு பையன் எனக்கு. நாலு வயசு. தொண்டை அடைப்பான்ல போயிட்டான். அப்புறம்தான் இந்தப் பாட்டு என் கைக்கு வந்துச்சு. கடைசி வரி, ‘இன்னொரு தட்டு வைங்க, அவன் வந்துட்டிருக்கான்.’ அந்த ‘அவன்’ உடனே எனக்கு வராது. மூணு எண்ணுற நேரம் சும்மா நிப்பேன். நடிப்பு இல்லய்யா. என் புள்ள வந்துட்டுப் போற நேரம் அது.”

முன்பெல்லாம் கொட்டகையில் அந்த மூன்று எண்ணிக்கைக்கு மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. ஆனால் பெட்டியில் மௌனம் என்பது கோளாறு. லூதர் முதலில் அவர் சொன்னபடியே நிறுத்திப் பாடிய உருளைகள் கடைக்குப் போனதும், வாடிக்கையாளர்கள் பெட்டியை உதைத்துக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ‘அந்த ஓட்டையை எதையாவது வைத்து அடை’ என்று பாட்டுப் பதிகிற முதலாளியின் உத்தரவு. லூதர் விம்மலை வைத்து அடைத்தார்.

பெட்டியில் பெயர் பரவியபின் ஹானோரா கொட்டகையில் பாடிய முதல் நாள் உட்கார இடமில்லை. கடைசி வரிக்கு வந்தார். நின்றார். ஒன்று. இரண்டு.

“பொட்டி நின்னுபோச்சு, யாராச்சும் சாவி குடுங்கடா!” என்று மேல்மாடத்திலிருந்து ஒரு குரல்.

கொட்டகையே சிரித்தது. நானும் அங்கே இருந்தேன், சிரித்தேன். நல்ல நகைச்சுவை, மறுப்பதற்கில்லை.

“இவ டெவ்லினே இல்ல! டெவ்லின்னா விம்முவா!” என்று இன்னொருவன். மேடையில் நின்றது போலி என்று அன்றைக்கு நானும் நம்பிவிட்டேன்.

“சனிக்கிழமை விம்மணும். முடியாதுன்னா வராதீங்க,” என்றார் கொட்டகைக்காரர்.

மறுநாள் ஹானோரா, லூதரிடம் விம்மக் கற்றுக்கொள்ளப் போனார்.

“தங்கமான மனுஷன்,” என்றார் என்னிடம். “‘தோளைக் குலுக்காதீங்கம்மா, அடிவயித்துலேருந்து எடுங்க’ன்னாரு. எனக்கு விம்மல் வரலை. சொல்லிக் குடுக்கறப்ப அவருக்குத்தான் நெசமாவே அழுகை வந்துச்சு.”

சனிக்கிழமை விம்மினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆறு வாரம், நாளுக்கு இரண்டு ஆட்டம்.

“ஒரு நாள் வீட்டுல பாத்திரம் கழுவிட்டிருந்தேன். அவன் நெனப்பு வந்துச்சு. எப்பவும் போல நின்னேன். அவன் வரலய்யா. லூதரோட விம்மல்தான் வந்துச்சு. அன்னைக்கோட பாடுறதை விட்டேன்.”

துணியை மடித்தார்.

“திங்கக்கிழமை இந்த உருளையை எடுத்து, மேல் மெழுகைச் சீவிட்டுப் புதுப்பாட்டு பதிஞ்சிடுவாங்க. விம்மலை வெச்ச முதல் நாள் உருளை இது. அன்னைக்கு லூதர் பழக்கத்துல கொஞ்சம் நின்னுட்டுத்தான் விம்மினாருன்னு எனக்கு ஒரு நெனப்பு. என் காதை நம்ப முடியலை. நீங்க கேட்டுச் சொல்லுங்க, அங்க கொஞ்சமாச்சும் இடம் இருக்கான்னு.”

என்னிடம் இருந்தது ஒரு டாலர் நோட்டு. அவரே ஏப்ரன் பையிலிருந்து ஐந்து சென்ட் எடுத்துப் போட்டார். திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.

கேட்டேன். தேய்ந்த மெழுகின் இரைச்சல். தட்டு வைக்கச் சொன்ன சூட்டோடு விம்மல். ஊசி நுழையவும் இடமில்லை.

“இருக்கும்மா,” என்றேன்.

“எவ்வளவு?”

“மூணு எண்ணுற அளவுக்கு.”

என்னையே பார்த்தார். லூதர் அன்றைக்கு அவ்வளவு நேரம் நின்றிருக்க முடியாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குழாயை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, கொக்கியில் மாட்டினார்.

திங்கட்கிழமை போனேன். புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. குழாயை வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். நோராவின் வீடு எங்கே என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை, லூதருக்கும் தெரியவில்லை. அந்த ஐந்து சென்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.